பக்கம் திருப்புகிறவள்

வளையலைக் கழற்றச் சொல்லிவிட்டாள் ஹெட்டி. இருபத்தாறு வருஷமாகக் கையை விட்டு இறங்காத வளையல், க்ளாரிஸைப் பெறப் போனபோது நர்ஸ் கேட்டும் கழற்றாத வளையல். மத்தியானம் குழாயடியில் நின்று சோப்பு நுரை போட்டு, பல்லைக் கடித்து, மணிக்கட்டு சிவக்கச் சிவக்க உருவியெடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, இப்போது இந்த மர நாற்காலியில் ஹெட்டிக்கு இடது பக்கமாக, ஒரு முழம் பின்தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். பக்கம் திருப்புகிறவளின் கை சத்தம் போடக் கூடாதாம். பட்டு சரசரக்கும், வேண்டாம். சென்ட் போட்டால் தும்மல் வரும், வேண்டாம். பூ உதிர்ந்து கீபோர்டுக் கட்டை மேல் விழும், வேண்டாம். கறுப்பாக எதையாவது கட்டிக்கிட்டு வா ஸ்கொலா, ஜனங்க கண்ணு ஒம் மேல போகக் கூடாது பாரு. ஸ்கொலாஸ்டிக்கா என்று ஞானஸ்நானத்தில் வைத்த பேரை ஆறாம் வகுப்பில் ஸ்கொலா என்று நறுக்கியவளும் இவள்தான். ஹென்ரியேட்டாவை நான் ஹெட்டி ஆக்கினேன், அது வெளிநாட்டில் எடுபடுகிற பேராக இருந்துவிட்டது. என் பேர் பாத்திரம் கழுவுகிற தொட்டி மாதிரி நின்றுபோய்விட்டது. ஜனங்க கண்ணு என் மேல் எங்கே போகப் போகிறது. மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரர் கஸ்பார், துறைமுகத்தில் ரிட்டயர் ஆன நாளிலிருந்து உட்கார்ந்த இடத்தில் தூங்கும் வரம் பெற்றவர், அழைப்பிதழை விசிறியாக்கி வீசிக்கொண்டிருக்கிறார். பாவம், வியர்க்கிறது. பங்குக் கோயில் கூடத்தின் எட்டு மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னது ஹெட்டி. தாள் பறக்கும், நரம்பு சுருதி இறங்கும். தூத்துக்குடியில் ஐப்பசி மாதத்துப் புழுக்கத்தில் நூற்றிருபது பேரை வியர்க்க வைத்துவிட்டு, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் சிரிக்கிறாள், அவர்களும் திருப்பிச் சிரிக்கிறார்கள். இதுவே நான் வீட்டில் ஒருநாள் மின்விசிறியை நிறுத்திப் பார்க்கட்டும்.

ஆரம்பித்துவிட்டாள். முதல் உருப்படி இத்தாலிக்காரர்களுடையது, முந்நூறு வருஷத்துக்கு மேலே பழசு, வயலினுக்கும் அதன் கீழே ஓடுகிற கட்டைக்குமாக எழுதியது. அழைப்பிதழில் ஹார்ப்சிகார்ட் என்று போட்டிருக்கிறார்கள். பொய். கோயில் கொயரின் கீபோர்டுதான், ஒரு பொத்தானை அமுக்கினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதுதான் ஹார்ப்சிகார்ட். ஆனால் அந்தத் தகரச் சத்தத்தை வைத்துக்கொண்டு இவள் என்ன பண்ணுகிறாள் பார், ஒரு சுரத்தை அரை மூச்சு பிந்தி வைக்கிறாள், காத்துக்கொண்டிருந்த இடத்தில் வராமல் காத்து அலுத்த இடத்தில் வருகிறது, வந்ததும் அதற்காகவே காத்திருந்த மாதிரி ஆகிவிடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. சரி, தாளைப் பார். தாளில் டி என்கிற சுரம் இருக்கிறது, காதில் சி ஷார்ப் விழுகிறது. இதுதான் மூன்று வாரமாக என்னைக் கொல்கிறது. அந்தக் காலத்துச் சுருதி அரைப் படி கீழே என்று கீபோர்டை இறக்கி வைத்திருக்கிறாள், க்ளாரிஸின் வயலினையும் ஆட்டுக் குடல் நரம்பு மாட்டி இறக்கிவிட்டாள். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஹெட்டிக்கே தெரியாது, அவளுக்கு அந்தக் காது கிடையாது. எனக்குத்தான் சபிக்கப்பட்ட காது. பிரஷர் குக்கர் விசில் ஏ ஃப்ளாட் என்றும் பக்கத்து வீட்டு காலிங் பெல் எஃப் என்றும் பிறந்ததிலிருந்து கேட்கிற காது. கான்வென்ட் பியானோ அறையில் முதுகைத் திருப்பி உட்கார வைத்து எந்தக் கட்டையைத் தட்டினாலும் பேர் சொல்லுவேன், சிஸ்டர்மார் வரிசையாக வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஹெட்டி பக்கத்தில் நின்று நகம் கடிப்பாள். அந்தக் காது எனக்கு, இந்த மேடை அவளுக்கு. இப்போது கண் ஒன்று சொல்ல காது ஒன்று சொல்ல, எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தொலைந்துபோகிறேன், நான், ஸ்கொலாஸ்டிக்கா, தொலைந்துபோய் அவள் தலையாட்டலுக்காகக் காத்திருக்கிறேன். ஆட்டினாள். எழுந்து, இடது கையை நீட்டி, வலது மூலையைப் பெருவிரலும் சுட்டுவிரலுமாகப் பிடித்து, தாள் ஈரத்தில் ஒட்டியிருக்கிறது, தேய்த்துப் பிரித்து, திருப்பி, உட்கார். பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட புத்தகம், இந்த ஊர்க் கடல் காற்றில் அப்பளம் மாதிரி நமத்துப் போயிருக்கிறது. இரண்டு இரண்டாக ஒட்டுகிறது. கவனமாக இல்லாவிட்டால் ஒன்றுக்கு இரண்டாகப் போய்விடும்.

க்ளாரிஸ் ஹெட்டியைப் பார்த்தாள். இதோ, என் மகள், ஹெட்டியின் வலது தோளுக்குப் பின்னால் நிற்கிறாள், அதே புத்தகத்தை எட்டிப் பார்த்து வாசிக்கிறாள், தனியாக ஒரு ஸ்டாண்டு கிடையாது. ஏன் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் புத்தகம் ஒன்றுதான், வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள், அப்போதுதான் ஒரே மூச்சு வரும் என்றாள் ஹெட்டி. ஒரே மூச்சு. நான் இருபத்துமூன்று வருஷமாக க்ளாரிஸின் மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கவைத்தவள், எனக்குத் தெரியாத மூச்சா. என் நாற்காலியிலிருந்து என் மகளின் முகம் இரண்டு முழத் தூரம். நடுவில் ஹெட்டியின் நரைத்த கொண்டை. ஒவ்வொரு இடத்திலும், சரியாக ஒரு சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுக்கிற மாதிரி, க்ளாரிஸ் கண்ணைத் தாளிலிருந்து எடுத்து அவளைப் பார்க்கிறாள், அவள் பார்க்காமலே பார்க்கிறாள், இரண்டு பேரும் ஒன்றாக இறங்குகிறார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்பது தாளிலேயே பென்சிலில் போட்டிருக்கிறது, ஒரு குட்டி மூக்குக்கண்ணாடி. முதல் தடவை அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டியபோது அதை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஹெட்டி வட்டக் கண்ணாடி போடுகிறவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நோட்டின் ஓரத்தில் யார் பேரையாவது எழுதி இருதயம் போடுவார்களே, அதைப் போல என் மகள் பக்கத்துக்குப் பக்கம் இவள் கண்ணாடியை வரைந்துவைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அன்றைக்குச் சோற்றைக் குழையவிட்டு, கஸ்பாரிடம் எரிந்து விழுந்து, ராத்திரி படுக்கப் போகுமுன் ஒருவழியாகக் கேட்டேன். சிரித்தாள் பாவி. மம்மி, அது இங்க நிமிந்து பாருன்னு அர்த்தம், உலகம் பூரா வாத்தியக்காரங்க அப்படித்தான் போடுதாங்க. சரி, அர்த்தம் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் என்ன குறைந்தது? நிமிர்ந்து பார் என்றால் யாரைப் பார்? அன்றைக்கு நான் நினைத்ததுதான் அர்த்தம், இவர்கள் உலகம் பூராவும் சேர்ந்து மறைக்கிறார்கள். அடுத்த கண்ணாடி வருகிறது. பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஹெட்டி ஆன்ட்டி. போன மாதம் ஆன்ட்டி உதிர்ந்து வெறும் ஹெட்டி. காலை எழுந்தால் என் காப்பி வேண்டாம், பால் விடாத கறுப்புத் தண்ணீர் ஒரு வாய் போதும். என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அப்படிக் குடிக்கும்போது உதட்டைக் கூட அவளைப் போலவே சுருக்குகிறாள். ஹெட்டி தன் அப்பா விட்டுப்போன வீட்டை விற்று முடிக்க வந்தவள், முடித்தாயிற்று, அடுத்த மாதம் பதினாலாம் தேதி திரும்பிப் போகிறாள், ஸ்பெயினில் அவளிருக்கிற ஊருக்கு. போகும்போது என் மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறாள். என்னிடம் இல்லை. மகளிடம். அங்கே இந்தப் பழைய சங்கீதத்துக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம், சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்களாம். போவாயா என்று கேட்டேன். கச்சேரி முடியட்டும் மம்மி, முடிஞ்சதும் சொல்லுதேன். அவ்வளவுதான். இன்னும் ஒரு மணிநேரம் கூட இல்லை. அந்தப் பதிலை வயலின் பெட்டிக்குள் மெழுகோடும் துணியோடும் வைத்துப் பூட்டிவிட்டு, இங்கே நின்று அவளைப் பார்த்துப் பார்த்து மூச்சு விடுகிறாள்.

கைதட்டுகிறார்கள். ஹெட்டி எழுந்து மைக்கில் பேசுகிறாள், நான் நாற்காலியில், தரையைப் பார்த்தபடி. திருப்புகிறவள் கைதட்டலுக்கு எழுந்திருக்கக் கூடாது, அதுவும் ஒரு விதி. அடுத்தது ஸ்பானியர்கள் கித்தாரில் வாசித்ததாம், தெருவில் நடந்துபோய்க்கொண்டே வாசித்ததாம், அதைக் கட்டைக்கு மாற்றியிருக்கிறாளாம். அதற்கடுத்து ஃபோலியா. குடியானவர்கள் தலைதெறிக்க ஆடிய ஆட்டம், போர்த்துகலிலிருந்து ஸ்பெயினுக்கு வந்து, இத்தாலிக்குப் போய் வயலினில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கீழே பதினாறே பதினாறு கட்டம், அதுவே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும், மேலே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புதுச் சட்டை. உங்க பேரையெல்லாம் கொண்டுவந்த கப்பல்ல இந்தப் பாட்டும் வந்திருக்கும், யாரு கண்டா, என்கிறாள், பெர்னாந்துகளும் மச்சாதுகளும் ரோச்சுகளும் நிறைந்த கூடம் குளிர்ந்துபோய்ச் சிரிக்கிறது. கப்பல் முத்துக்கு வந்தது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எப்படிப் பேசுகிறாள், கையில் தாள் கிடையாது. இவள் எப்போதும் இப்படித்தான், தாள் இல்லாமல். அந்தப் பரீட்சை அறை. நினைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன், நினைத்துவிட்டேன். எங்களுக்குப் பத்தொன்பது வயது, மதராசிலிருந்து பரீட்சைக்காரர் வந்திருந்தார், தேறினால் இரண்டு பேரில் ஒருத்திக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு. கேட்டதையெல்லாம் வாசித்தேன், ஒரு சுரம் பிசகவில்லை. கடைசியில் ஒரு தாளை வைத்தார், கீழ் வரி மட்டும் எழுதியிருந்தது, மேல் வரி காலி, அங்கங்கே சில எண்கள். இதற்கு மேலே நீயே உனக்குத் தோன்றியதைப் போட்டு வாசியம்மா என்றார். நான் தாளைப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கத்தில் இருக்கிறது சார் என்று கேட்டேன். எந்தப் பக்கத்திலும் இல்லை, உன்னிடம் இருக்கிறது என்றார் சிரித்துக்கொண்டு. என்னிடம் இல்லை. கை கட்டை மேல் அப்படியே கிடந்தது, கழுவி வைத்த மீன் மாதிரி. அடுத்து ஹெட்டி போனாள், கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், தப்பும் தவறுமாக எதையோ போட்டாள், ஒரு இடத்தில் அபத்தமாக ஒரு எஃப் ஷார்ப், எனக்குக் காது கூசியது, அவள் நடுவில் சிரித்தாள், பரீட்சைக்காரரும் சேர்ந்து சிரித்தார். போனாள். நான் கஸ்பாரைக் கட்டிக்கொண்டு இந்த ஊரிலேயே அரைக் காத தூரம் போனேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பா அனுப்பவில்லை என்றுதான் சொல்வேன், க்ளாரிஸிடமும் அப்படித்தான், அப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, மறுக்க மாட்டார். ஹெட்டிக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்காததுதான் பெரிய அகங்காரம். இப்போது பார், க்ளாரிஸும் என்னைப் போலவேதான். இந்த ஃபோலியாவில் ஒரு சுற்றை மட்டும் நீயே போட்டு வாசி, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் வாசித்தார்கள் என்று ஹெட்டி மாதக்கணக்கில் கெஞ்சியிருக்கிறாள். மாட்டேன் என்கிறாள் என் மகள், தாளில் இல்லாவிட்டால் எனக்கு வில் நகராது என்கிறாள். அதைக் கேட்டபோது சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்தான் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை. இந்த ஒன்றாவது என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறதே.

தெருவில் நடந்த ஸ்பானியர்கள் நடந்து முடித்துவிட்டார்கள், நான்கு தடவை எழுந்து நான்கு தடவை உட்கார்ந்தேன், ஏட்டி ஸ்கொலா, கொஞ்சம் முன்னாலயே எந்திரி என்று பல்லுக்கிடையில் சொன்னாள், சரி மகாராணி. கூடத்தில் யாரோ இருமி அடங்கினார்கள். க்ளாரிஸ் நரம்பைத் திருகிச் சுருதி பார்க்கிறாள், இந்தக் குடல் நரம்பு ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் இறங்கிவிடுகிறது, நெற்றியில் ஒரு முடி ஒட்டியிருக்கிறது, இதே முடியை நான் எத்தனை தடவை ஒதுக்கிவிட்டிருக்கிறேன், கையை நீட்டினால் எட்டும், நீட்டக் கூடாது. ஃபோலியா. மெதுவாகத்தான் ஆரம்பிக்கிறது, துக்க வீட்டுக்குள் நுழைகிற மாதிரி ஒவ்வொரு அடியாக. பதினாறு கட்டம் முடிந்தது, திரும்பவும் அதே பதினாறு, மேலே வயலின் சற்றே அசைகிறது. திரும்பவும் அதே. போவாளா. போவாள். போக மாட்டாள், ஜலதோஷக்காரி, அங்கே குளிர். திரும்பவும் அதே பதினாறு. குளிருக்குக் கோட்டு இருக்கிறது, ஹெட்டி வாங்கித் தருவாள், கோட்டுக்குள் பொத்தான் போட்டுவிடுவாள். திரும்பவும். எனக்கு ஏன் இந்தச் சனியனைக் கேட்கக் கேட்கக் கண் எரிகிறது. வியர்வை. இவள் என்னை எதற்கு இங்கே உட்கார வைத்தாள்? இந்த ஊரில் நோட்டு வாசிக்கத் தெரிந்தவள் உன்னை விட்டால் யாருட்டி என்றாள். இல்லை. பார் என்று உட்கார வைத்தாள், கிட்ட இருந்து பார் என்று, உன் மகள் யாரைப் பார்க்கிறாள் என்று. பார்த்தாயிற்று ஹெட்டி, போதும், நன்றாகத் தெரிகிறது. நிமிர்ந்து பார் கண்ணாடி. பார்த்தாள். அடுத்த பக்கம் கண்ணாடி. பார்த்தாள், இந்தத் தடவை ஓரத்தில் ஒரு சிரிப்பு வேறு, என்னிடம் வீட்டில் சிரித்து எத்தனை நாளாயிற்று. கடைசி வரி. எழுந்தேன். மூலையைப் பிடித்தேன். விரலுக்குத் தெரிந்துவிட்டது, கனம் அதிகம், இரண்டு தாள் ஒட்டியிருக்கிறது. தேய்க்க வேண்டும், பெருவிரலைச் சுட்டுவிரலில் ஒரே ஒரு தேய்ப்பு. தேய்க்கவில்லை. ஒரு நொடிதான், ஆனால் அந்த நொடிக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது, அடுக்கிவைத்த பாத்திரம் மாதிரி. இரண்டாகத் திருப்பினால் ஹெட்டி தொலைவாள். நூற்றிருபது பேர் முன்னால் இவள் கை கட்டை மேல் கழுவி வைத்த மீன் மாதிரி கிடக்கும். என் மகள் நிமிர்ந்து பார்ப்பாள், அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. அப்புறம் யாரோடு போவாள். தலையாட்டினாள் ஹெட்டி. திருப்பினேன். இரண்டையும்.

ஒன்றும் ஆகவில்லை. ஹெட்டியின் இடது கை அடுத்த கட்டத்துக்குப் போயிற்று, அதற்கடுத்ததற்கும், நடை மாறாமல், அவள் இமை கூட அடிக்கவில்லை, அவள் கண் தாளிலேயே இல்லை, எங்கேயோ ஜன்னல் பக்கம் இருந்தது. அடி முட்டாளே ஸ்கொலா. எல்லாப் பக்கத்திலும் அவளுக்கு அதே பதினாறு கட்டம்தானே. எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாலும், மூடியே வைத்தாலும், அவளுக்கு ஒன்றுதான், தாள் தேவைப்படுவது அவளுக்கில்லை, மேலே வேறு வேறு சட்டை போடுகிறவளுக்கு. வில் காற்றில் நிற்கிறது. என் மகளின் வில். ஓடிக்கொண்டிருந்தவள் முன்னால் திடீரென்று வேறு தெரு. ஒரு கட்டம் போயிற்று, இரண்டாவது கட்டம் போயிற்று, கீழே மட்டும் ஹெட்டி நடந்துகொண்டிருக்கிறாள், கூடத்தில் ஒருவருக்கும் இன்னும் தெரியவில்லை, கஸ்பார் விழித்துவிட்டார், தூக்கத்திலும் மகளின் சத்தம் நின்றது அவருக்குத் தெரிந்திருக்கிறது. க்ளாரிஸ் நிமிர்ந்தாள். ஹெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மூன்று மாதமாக எதற்காக வயிறு எரிந்தேனோ அந்தப் பார்வை, முழுசாக, என் மேல். கோபம் இல்லை அதில். மம்மி, என் இன்னொரு சாக்ஸ் எங்கே என்று காலை ஏழே முக்காலுக்குக் கேட்கிற பார்வை, எது தொலைந்தாலும் எங்கே என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்கிற பார்வை. தெரியும்மா, எனக்குத்தான் தெரியும், நான்தான் ஒளித்தேன். தாளைத் திருப்பப் பாய்ந்தேன், விரல் உலர்ந்து வழுக்குகிறது, ஸ்பைரலில் மாட்டுகிறது, ஹெட்டி தலையை அசைத்தாள், இல்லை என்று, இம்மியளவு, விடு என்று. தன் கையை மெலிதாக்கினாள், ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு சுரக் கோர்ப்பு, நடுவில் காலியாக விட்டு, வா வா என்கிற மாதிரி. இது பரீட்சை அறை. இது அதே தாள், கீழ் வரி மட்டும் இருக்கிறது. ஐயோ, என் பிள்ளையை அந்த அறைக்குள் நானே தள்ளிவிட்டேனே. க்ளாரிஸ் கண்ணை மூடினாள். ஒரு சுரம் வந்தது. நீளமாக, நடுக்கத்தோடு, மெழுகு போதாத வில்லின் கரகரப்போடு. அது எங்கேயாவது போக வேண்டுமே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, போகாமல் அங்கேயே நின்று, பிறகு ஒரு படி இறங்கி, திரும்ப ஏறி, ஒரு இடத்தில் அபத்தமாக ஒரு எஃப் ஷார்ப், இல்லை, அரைப் படி கீழே வைத்த சுருதியில் அது எஃப், இல்லை, என்ன பேராக இருந்தால் என்ன, அது சரியாக இருந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கண்ணும் காதும் சண்டை போடவில்லை, பார்ப்பதற்குத் தாளில் ஒன்றும் இல்லை, காது மட்டும்தான். சுற்று முடிகிறது, நிறுத்தவில்லை, இன்னொன்று எடுத்தாள், இப்போது வில் குதிக்கிறது, ஆட்டுக் குடலில் இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது, இது ஹெட்டியுடையது இல்லை, அவளுடைய அரை மூச்சுத் தாமதம் இதில் இல்லை, என்னுடையது இல்லவே இல்லை, எனக்கு இது என்றைக்கும் இருந்ததில்லை. ஹெட்டி வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வட்டக் கண்ணாடிக்குள் கண் நிறைந்திருந்தது, அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது, எனக்கு நன்றாகப் பழக்கமானது, எந்தக் கண்ணில் கண்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். எத்தனை மாதம் கெஞ்சியும் அவளுக்குக் கிடைக்காதது. கேட்காமலே எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறாள். எனக்கு மட்டும் எங்கே கிடைத்தது. நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்க்கிறோம், அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு ஹெட்டி தலையாட்டினாள், நான் பெருவிரலை நாக்கில் தொட்டு, ஒரே ஒரு தாளைப் பின்னால் திருப்பினேன், க்ளாரிஸ் கண்ணைத் திறந்து விட்ட இடத்தில் இறங்கினாள், கூடத்துக்கு எல்லாம் எழுதிவைத்த மாதிரியே போயிருக்கும். அப்புறம் எத்தனை தடவை எழுந்தேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு தாளையும் தேய்த்துப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் திருப்ப ஒன்றும் இருக்காது, கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் வெளுத்து, வட்டமாக, வேறு யாரோ ஒருத்தியின் கை மாதிரி இருந்தது. முடிந்தது. நாற்காலிகள் தள்ளப்படுகிற சத்தம், ஜனங்கள் எழுந்து நின்று தட்டுகிறார்கள், ஹெட்டி எழுந்து முன்னால் போய்க் குனிகிறாள், கையை நீட்டி க்ளாரிஸைக் கூப்பிடுகிறாள். க்ளாரிஸ் போகவில்லை. வயலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் நாற்காலிக்கு வந்துவிட்டாள். திருப்புகிறவள் எழுந்திருக்கக் கூடாது, உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

“ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டு வந்துட்டா மம்மி?” என்றாள். எனக்கொரு சாக்கைக் கையில் எடுத்துக்கொடுக்கிறாள், பெரிய மனுஷி. ஆமாம் என்றால் முடிந்தது, ஐப்பசி ஈரம், கடல் காற்று, ஜெராக்ஸ் கடைக்காரன். அப்பா அனுப்பவில்லை என்று சொன்னேனே, அந்த மாதிரி இதுவும் வருஷக்கணக்கில் உழைக்கும்.

“ஒட்டித்தான் இருந்துச்சு. பிரிக்கத் தெரியாம இல்ல. பிரிக்கல.”

“தெரியும்,” என்றாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன், அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், மேல் உதட்டில் வியர்வை, அந்த முடி இன்னும் நெற்றியில் ஒட்டியே இருந்தது. கைதட்டலுக்கு அடியில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “போறேன் மம்மி,” என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, யாரோடு என்றும் கேட்கவில்லை. சொல்லிவிட்டு நகராமல் நிற்கிறாள், கண்ணை எடுக்காமல், இவ்வளவு நாள் ஹெட்டிக்குக் கொடுத்ததையெல்லாம் சேர்த்து எனக்குக் கொடுக்கிற மாதிரி. நான் எழுந்தேன், விதியாவது மண்ணாவது. கையை நீட்டி அந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

“என்னைய என்ன பாக்க? அங்க பாத்துக் குனி,” என்று சொல்லி, தோளைப் பிடித்து ஜனங்கள் பக்கமாகத் திருப்பிவிட்டேன். கையில் வளையல் இல்லை, சத்தமே வரவில்லை.